அசோகச் சக்கரவர்த்தியும் முதற் குற்றவாளியும்

வெற்றி பெற்ற வேந்தர் தம் வெற்றியைக் கல்லில் வெட்டி வைப்பது உலக வழக்கம். தாம் செய்த குற்றத்தைத் தாமே கல்லில் வெட்டி, ஊரும் உலகும் அறியுமாறு நிறுத்திய வேந்தர் என்று நாம் அறிந்தவர் ஒருவரே. அவர்தாம் தேவானாம்பிரிய பிரியதரிசி என்று சாசனங்களில் வழங்கப்பெறும் அசோகச் சக்கரவர்த்தி. 1947ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் நம் நாட்டுக் கொடியில் அமர்ந்த சக்கரம் அவருடைய தூணிலிருந்து வந்தது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் நம் அரசின் முத்திரையாக விளங்கும் சிங்கங்களும் அவருடையவையே. 1956இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தீட்சை பெறத் தேர்ந்தெடுத்த நாளும் அசோக விஜயதசமி என்றே போற்றப்படுகிறது.

அவர் எழுப்பிய விகாரைகளையும், வெளிநாடுகளுக்கு அனுப்பிய தூதுகளையும் பற்றிப் பலர் பலமுறை எழுதியுள்ளனர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது வேறொன்று. குற்றம் செய்தவனை அரசும் ஊரும் என்ன செய்ய வேண்டும்? தண்டித்து ஒழிப்பதா, திருத்தி மீட்பதா? இக்கேள்வி அசோகருடைய வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்து வந்தது. பாலக்காட்டு எல்லைக் கிராமங்களிலும் இடுக்கி மலைத் தோட்டங்களிலும் வாழும் நம்மவர் வீட்டு வாயிலிலும் இதே கேள்வி வந்து நிற்பதால், அச்சக்கரவர்த்தியின் வரலாற்றை இந்த நோக்கில் சொல்லத் துணிந்தோம்.

சண்டாசோகன்

மௌரிய வமிசத்தைத் தோற்றுவித்த சந்திரகுப்தரின் பேரரும், பிந்துசாரரின் மைந்தருமான அசோகர், ஏறத்தாழ கி.மு. 268இல் பாடலிபுத்திரத்தில் முடிசூடினார். அவருடைய இளமையைப் பற்றிக் கல்வெட்டுகள் ஒன்றும் கூறவில்லை. பௌத்த நூல்களோ, அவர் முதலில் சண்டாசோகன், அஃதாவது கொடிய அசோகன் என்று பெயர் பெற்றிருந்தார் என்கின்றன.

அசோகாவதானம் என்னும் வடமொழி நூல் ஒரு சிறைச்சாலையின் கதையைச் சொல்கிறது. வெளியே பார்க்க அழகிய மாளிகை. உள்ளே நரகத்தின் சித்திரவதைகள் அனைத்தும். கிரிகன் என்னும் கொடியவன் அதன் காவலன். உள்ளே நுழைந்தவர் எவராயினும் உயிருடன் வெளியேறலாகாது என்று அவன் மன்னனிடம் வரம் பெற்றிருந்தான். ஒரு நாள் சமுத்திரர் என்னும் இளம் பிக்கு, பிச்சைக்கு வந்த வீடென்று எண்ணி அதனுள் நுழைந்துவிட்டார். கிரிகன் அவரைக் கொல்ல முற்பட்டான். அவர் ஒரு மாதத் தவணை கேட்டார். அவன் ஏழு நாள் கொடுத்தான். அந்த ஏழு நாளில் அங்கு நடந்த கொடுமைகளைக் கண்டு, வாழ்வின் நிலையாமையைச் சிந்தித்து, அப்பிக்கு அருகத நிலையை எய்தினார். பின்னர் அவரைக் கொப்பரையில் இட்டபோது அடியில் மூட்டிய தீ அவரைச் சுடவில்லை. அவ்வற்புதத்தைக் காண வந்த மன்னனையும், நுழைந்தவர் வெளியேறலாகாது என்ற விதியைக் காட்டிக் கிரிகன் தடுத்தான். அப்படியாயின் முதலில் உள்ளே நுழைந்தவர் யார் என்று மன்னன் கேட்க, தானே என்று கிரிகன் ஒப்புக்கொண்டான். அவன் தன் விதியாலேயே மாண்டான். சிறை இடித்துத் தள்ளப்பட்டது.

இது புராணம், சரித்திரமன்று. கல்வெட்டில் இச்சிறையைப் பற்றிய பேச்சே இல்லை. ஆயினும் ஐந்தாம் நூற்றாண்டில் வந்த பாஹியானும், ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங்கும் பாடலிபுத்திரத்தில் அந்நரகச் சிறையைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கின்றனர். கதையின் உட்பொருளை மட்டும் நாம் மனத்தில் வைப்போம். எவரையும் வெளியே விடாத சிறை, கடைசியில் அதைக் கட்டியவனையும் காத்தவனையும் விழுங்க வரும். தவணையாகக் கிடைத்த ஏழு நாளோ ஒரு மனிதனை அருகதன் ஆக்கிற்று.

அக்காலத்துத் தண்டநீதி

அசோகர் பெற்ற அரசாட்சி எத்தகைய தண்டநீதியின் மேல் நின்றது என்பதை அர்த்தசாஸ்திரத்தால் ஒருவாறு அறியலாம். கௌடில்யர் பெயரால் வழங்கும் அந்நூலில் முதற் குற்றத்துக்கு ஒரு விதி இருக்கிறது. தீர்த்தத் துறைகளில் பிறர் முடிச்சை அவிழ்த்துத் திருடியவன் முதல் முறை அகப்பட்டால், அவனுடைய கட்டைவிரலும் சுட்டுவிரலும் வெட்டப்படும்; அல்லது 54 பணம் அபராதம். அடுத்தடுத்த முறைகளில் தண்டனை ஏறி, மூன்றாம் முறை வலக் கையும், நான்காம் முறை உயிரும் போகும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 54 பணம் வைத்திருப்பவன் விரலோடு வீடு திரும்புவான். பணம் இருந்தால் முடிச்சவிழ்த்திருக்க மாட்டானே, அந்த ஏழை விரலை இழப்பான். விரல் இழந்த கை ஏர் பிடிக்குமா, தறி பிடிக்குமா? உழைத்து உண்ணும் வழியை அடைத்துவிட்டு, அவன் மறுமுறை திருடினால் வலக் கையைக் கேட்பது அந்நீதி. பறிகொடுத்தவனுக்குப் பொருள் திரும்பிற்றா என்ற கேள்வி அங்கே பின்னால் நிற்கிறது.

கலிங்கம்

முடிசூடி எட்டு ஆண்டுகள் கடந்தபின் அசோகர் கலிங்கத்தின் மேல் படையெடுத்தார். அவர் தம் சாசனங்களில் குறிப்பிடும் போர் இது ஒன்றே. ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர். ஒன்றரை லட்சம் பேர் ஊர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டனர். அதைப் போலப் பன்மடங்கினர் பின்னர் மாண்டனர். இக்கணக்கை எதிரிகள் எழுதவில்லை. அசோகரே பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் எழுதுவித்தார். தாய் தந்தையரைப் பேணி, நண்பரிடமும் வேலையாட்களிடமும் அன்பு காட்டி நல்வாழ்வு வாழ்ந்த எளிய குடிகளும் அப்போரில் துன்புற்றனர் என்பதை நினைத்து அவர் வருந்தினார். அன்று மடிந்தவருள் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு இனி மடிந்தாலும் தமக்குத் தாங்கொணாத துயரம் என்று அறிவித்தார்.

அவரை விசாரிக்க ஒரு நீதிமன்றம் உண்டா? தண்டிக்க ஒரு மன்னன் உண்டா? இல்லை. தம் குற்றத்துக்குத் தாமே சாட்சியாகி, தாமே ஒப்புக்கொண்டு, தாமே பரிகாரம் தேட வேண்டிய நிலையில் அவர் நின்றார்.

அந்தத் துயரச் சாசனம் கலிங்க நாட்டில் வெட்டப்படவில்லை என்பது பலர் அறியாத செய்தி. புவனேசுவரத்துக்கு அருகிலுள்ள தௌளியிலும், கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும் அசோகரின் பாறைச் சாசனங்கள் இருக்கின்றன. அங்கே பதின்மூன்றாம் சாசனம் விடப்பட்டு, அதற்குப் பதிலாக வேறு இரண்டு சாசனங்கள் நிற்கின்றன. அறிஞர்கள் இதற்குப் பல காரணம் கூறுவர். நாம் இதில் காண்பது இது: உறவினரைப் பறிகொடுத்தவர் முன் நின்று, நான் வருந்துகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயன் சிறிது. இனி உங்களுக்கு அநீதி நேராது என்று காட்டுவதே வேண்டுவது. கலிங்கத்தில் அவர் வெட்டுவித்தது அவ்வகைச் சாசனமே.

தோசலி அதிகாரிகளுக்கு இட்ட ஆணை

தோசலி நகரத்து நீதி அதிகாரிகளை நோக்கிய அச்சாசனத்தில், மாந்தர் யாவரும் தம் மக்கள் என்றும், தம் பிள்ளைகளுக்கு வேண்டும் இம்மை மறுமை இன்பங்களையே எல்லோருக்கும் வேண்டுவதாகவும் அசோகர் தெரிவிக்கிறார். பின்னர் நேரே சிறையைப் பற்றிப் பேசுகிறார். யாரோ ஒருவன் சிறையில் அடைக்கப்படுகிறான். காரணமின்றியே துன்பமோ சாவோ அவனுக்கு நேர்ந்துவிடுகிறது. அவனைச் சேர்ந்த பலர் அதனால் கலங்குகின்றனர். இதைத் தவிர்த்து, அதிகாரிகள் நடுவுநிலையில் ஒழுக வேண்டும் என்பது ஆணை.

நடுவுநிலை தவறுவது எதனால் என்பதையும் அவர் வரிசைப்படுத்துகிறார். பொறாமை, சினம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், களைப்பு. அன்பர்களே, இப்பட்டியலை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். அநீதி செய்பவன் தீயவனாகவே இருக்க வேண்டுவதில்லை. களைத்துப்போன அதிகாரியும் அவசரக்காரனும் போதும் என்கிறார் சக்கரவர்த்தி. இவ்வாணை நடக்கிறதா என்று பார்க்க, கடுமையில்லாத மகாமாத்திரர்கள் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை சுற்றி வர வேண்டும். உஜ்ஜயினியிலிருந்தும் தட்சசீலத்திலிருந்தும் மூன்று ஆண்டுக்குள் வர வேண்டும் என்ற ஏற்பாடும் செய்தார்.

முடிசூடிப் பதின்மூன்று ஆண்டு கழிந்தபின், தர்ம மகாமாத்திரர் என்ற புதிய பதவியை உண்டாக்கினார். சிறையில் கிடப்பவனைப் பற்றி விசாரிப்பது அவர்களுடைய கடமைகளில் ஒன்று. இவன் பிள்ளை குட்டிக்காரனா? பிறர் தூண்டுதலால் தவறினானா? முதியவனா? இவற்றை அறிந்து உதவி செய்வதும், தளையை அவிழ்ப்பதும், விடுதலைக்கு வழி தேடுவதும் அவர்கள் வேலை. குற்றம் என்ன என்று மட்டும் கேட்காமல், குற்றவாளி யார் என்றும் கேட்கும் நீதி இங்கே பிறக்கிறது.

காட்டுக் குடிகளும் எல்லைப்புறத்தாரும்

தமக்குத் தீங்கு செய்தவனையும் பொறுக்கத்தக்க அளவு பொறுக்கவேண்டும் என்பது பதின்மூன்றாம் சாசனத்தில் அவர் கண்ட கொள்கை. அதை அவர் யாரிடம் முதலில் பொருத்திக் காட்டினார்? தம் ஆட்சிக்குட்பட்ட காட்டுக் குடிகளிடம். அவர்களை இணங்க வைக்கவும் திருத்தவும் முயல்வதாகச் சொல்கிறார். அதே மூச்சில், வருந்தும் நிலையிலும் தமக்கு வலிமை உண்டு என்பதை நினைவூட்டி, அவர்கள் தம் செயலுக்கு நாணி, கொல்லப்படாமல் வாழட்டும் என்கிறார். இதில் எச்சரிக்கை இருக்கிறது, மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அச்சத்தால் அடங்குவதோடு அவர் நிற்கவில்லை. அவன் நாணித் திருந்தி உயிர் வாழ்வதையே நாடுகிறார்.

நம் நிலம் அவருடைய ஆட்சிக்குப் புறம்பானது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று எல்லைக்கு அப்பாலுள்ளவராகவே நம் முன்னோரைச் சாசனங்கள் சொல்கின்றன. ஆனால் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவமும், மூலிகையும் இந்நாடுகளிலும் கிடைக்கச் செய்ததாக இரண்டாம் பாறைச் சாசனம் கூறுகிறது. படை வராத எல்லைக்கு மருந்து வந்தது.

மூன்று நாள் தவணை

முடிசூடிய இருபத்தாறாம் ஆண்டில் வெட்டுவித்த தூண் சாசனங்களில் அசோகரின் தண்டநீதி முதிர்ச்சி பெற்று நிற்கிறது. பல லட்சம் மக்களை ஆளும் ராஜூகர் என்னும் அதிகாரிகளிடம் நீதி வழங்கும் உரிமையை ஒப்படைத்தார். தேர்ந்த செவிலியிடம் குழந்தையை ஒப்புவிக்கும் தாயின் நம்பிக்கை அது என்று உவமை கூறினார். விசாரணையில் சமன், தண்டத்தில் சமன் என்று இரண்டையும் கட்டளையிட்டார். பணமுள்ளவனுக்கு அபராதமும் இல்லாதவனுக்கு விரல்வெட்டும் விதித்த முறைக்கு எதிரே இச்சொற்களை வைத்துப் பார்த்தால் அவற்றின் கனம் விளங்கும்.

மரண தண்டனை தீர்ப்பாகிச் சிறையில் இருப்பவனுக்கு மூன்று நாள் தவணை அளித்தார். அந்நாட்களில் உறவினர் அதிகாரிகளை அணுகி அவனுயிரைக் காக்க முயலலாம். காப்பார் இல்லையேல் அவன் தானமும் உபவாசமும் செய்து மறுமைக்கு ஆயத்தமாகலாம். அடுத்த சாசனத்தில், இருபத்தாறு ஆண்டுகளில் இருபத்தைந்து முறை கைதிகளை விடுதலை செய்ததாகக் கணக்குக் கொடுக்கிறார்.

அசோகர் மரண தண்டனையை ஒழித்துவிட்டார் என்று மேடையில் பேசுவோர் உண்டு. அது சரியன்று. ஒழித்திருந்தால் தவணை எதற்கு? கலிங்கத்தை அவர் திருப்பிக் கொடுக்கவுமில்லை. பெயர்த்துக் கொண்டுபோகப்பட்ட ஒன்றரை லட்சம் பேரை ஊர் சேர்த்ததாகச் சாசனங்களில் செய்தியும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்வதே தம்ம நெறி. அவர் செய்தது, கோபத்துக்கும் கொலைக்கும் நடுவே மூன்று நாளை வைத்தது. அம்மூன்று நாளில் ஒரு சாட்சி வரலாம். ஒரு தாய் வந்து காலில் விழலாம். குற்றவாளியே மனம் மாறலாம்.

கடைசித் தூண் சாசனத்தில் தம் அனுபவத்தின் சாரத்தை வைத்தார். மக்களிடம் தம்மம் வளர இரு வழி உண்டு: ஒன்று கட்டளை, மற்றொன்று உள்ளத்தை உணரச் செய்தல். கட்டளையால் ஆவது சிறிது. உணர்வித்தலால் ஆவது பெரிது என்று முடித்தார். முப்பத்தாறு ஆண்டுகள் அளவு ஆண்டு, ஏறத்தாழ கி.மு. 232இல் அவர் மறைந்தார். தூண்களின் எழுத்தைப் படிப்பாரின்றிப் பல நூற்றாண்டு கழிந்தபின், 1837இல் ஜேம்ஸ் பிரின்ஸெப் என்பார் அவ்வெழுத்தைப் படித்தறிந்தார். 1915இல் மாஸ்கியில் கிடைத்த சாசனத்தில் அசோகர் என்ற பெயரும் வெளிப்பட்டது.

நம் எல்லையில் நடப்பது

இனி நம் ஊருக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில், உணவுப் பொருள் திருடினார் என்ற ஐயத்தின் பேரில் ஓர் ஆதிவாசி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்து வந்து கும்பலாக அடித்தனர், அவர் மாண்டார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் பதினால்வரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. திருடப்பட்டதாகச் சொன்ன பொருள் ஒரு வயிற்றுக்கான உணவு. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சக்கரவர்த்தி காட்டுக் குடிக்கு அளித்த பொறுமையை, கைப்பேசி வைத்திருந்த ஒரு கூட்டம் அளிக்கவில்லை. மூன்று நாள் வேண்டாம். பசித்தாயா என்று கேட்கும் அளவு நேரமும் அங்கே கிடைக்கவில்லை.

சட்டம் இதைவிட நல்ல வழியை எப்போதோ திறந்து வைத்திருக்கிறது. மலபார் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்திலேயே, 1936ஆம் ஆண்டின் சென்னை நன்னடத்தைச் சட்டம் வந்தது. 1958இல் நாடு முழுமைக்குமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது. முன்பு தண்டனை பெறாதவன் சிறு திருட்டு முதலியவற்றில் அகப்பட்டால், கண்டித்து விட்டுவிடலாம். அல்லது மூன்று ஆண்டுக்கு மேற்படாத காலம் நன்னடத்தை உறுதி எழுதி வாங்கி, புரொபேஷன் ஆபீசரின் மேற்பார்வையில் வீட்டுக்கு அனுப்பலாம். நட்டமடைந்தவருக்கு ஈடு கொடுக்கும்படியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். இருபத்தொரு வயது நிரம்பாதவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமாயின் பெரும்பாலான குற்றங்களில் அதற்குரிய காரணத்தை நீதிபதி எழுத வேண்டும். அந்த ஆபீசர் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் கேள்விகளைக் கேட்டால், தர்ம மகாமாத்திரர் திரும்பி வந்தாரோ என்று தோன்றும்.

இத்துறையில் பாலக்காட்டு மண்ணுக்கும் ஒரு பெருமை உண்டு. இங்கு வைத்தியநாதபுரத்தில் பிறந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறை இலாகாவையும் ஏற்றிருந்தார். பின்னர் சுப்ரீம் கோர்ட்டில் இருந்து, தண்டனையின் நோக்கம் திருத்துவதே என்று தீர்ப்புகளில் நிலைநாட்டினார். அவர் பிறந்த நவம்பர் 15ஆம் நாளைக் கேரள அரசு புரொபேஷன் தினமாகக் கொண்டாடுகிறது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் முறை திருடியவன் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையே தண்டனை என்ற விதியும் சேர்ந்திருக்கிறது. கட்டைவிரலைக் கேட்ட நீதி எங்கே, அதே கையால் ஊருக்கு உழைத்துக் கொடு என்று கேட்கும் நீதி எங்கே!

சட்டம் கதவைத் திறக்கும்; உள்ளே அழைக்க வேண்டியவர் நாம். சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், மூணாற்றுத் தோட்ட லயங்களிலும் நாம் கண்டது என்ன? முதல் முறை தவறிய ஒரு பையன் நீதிமன்றத்திலிருந்து திரும்பினாலும், ஊர் வாயிலிருந்து அவனுக்கு விடுதலை இல்லை. வேலை கொடுப்பவர் இல்லை. பெண் கொடுப்பவர் இல்லை. இரண்டாம் குற்றத்தை அவனிடம் நாமே கேட்டு வாங்குகிறோம். நூற்பு மில்லில் இருபத்தைந்து ஆண்டு நின்ற கை நம் கை. இழை அறுந்தால் அதைப் பிணைப்பதே தொழிலாளி அறிந்த முறை. அறுந்ததென்று கதிரையே வீசி எறிபவன் எவனுமில்லை.

பொருளை இழந்தவரின் துயரை மறந்து குற்றவாளியை மட்டும் அணைப்பதும் தம்மமன்று. முதலில் பறிகொடுத்தவரைக் கேட்க வேண்டும். அவருக்கு உரியது திரும்ப வேண்டும். அதைக் கொடுப்பவன் குற்றம் செய்தவனாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் அவன் தலை நிமிரும். கலிங்கத்து மக்களுக்கு முழு ஈடு செய்ய இயலாத சக்கரவர்த்தி, தம் எஞ்சிய ஆயுளை அதற்கென்றே செலவிட்டார். நம்மிடையே தவறும் எளியவர்களுடைய கடன் அவ்வளவு பெரிதன்று. ஒரு மாத உழைப்பில் தீரக்கூடியவை அவற்றுள் பல.

ஆகவே உபாசக உபாசகியரே, உங்கள் தெருவில் ஒருவன் முதல் முறை தவறினான் என்று கேட்டால், கை ஓங்கும் முன் மூன்று நாள் பொறுங்கள். முதல் நாள் இழந்தவர் வீட்டுக்குச் செல்லுங்கள். இரண்டாம் நாள் தவறியவன் வீட்டுக்குச் செல்லுங்கள். மூன்றாம் நாள், இழந்தவர் மனம் இசைந்தால், இருவரையும் ஓரிடத்தில் அமர்த்திப் பேசுங்கள். வழக்கு நீதிமன்றம் சென்றுவிட்டதாயின், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கூறி வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்; மாவட்ட புரொபேஷன் ஆபீஸுக்கு உடன் செல்லுங்கள். கொடியில் சுழலும் சக்கரத்துக்கு வணக்கம் செலுத்துவது எளிது. அதை நிறுவியவர் கொடுத்த மூன்று நாளை நாமும் கொடுப்பதே அவருக்குச் செய்யும் மெய்யான வணக்கமாகும்.